நான் சொல்லாத மருந்தின் பெயர்

சேலத்தில் ஒரு கால்நடை ஆலோசனை மையத்தில் வேலை பார்க்கிறேன். மாடு வைத்திருப்பவர்கள் போனில் வீடியோவில் கூப்பிடுவார்கள், நான் பார்த்துச் சொல்லுவேன். சேர்ந்த அன்றே எனக்குச் சொல்லித்தந்த விதி ஒன்று உண்டு. நேரில் தொட்டுப் பார்க்காத மாட்டுக்கு மயக்க மருந்து எழுதக் கூடாது. அவசரம் என்றால் முதலுதவி சொல்லலாம், அதற்குமேல் ஒரு டாக்டர் நேரில் போயாக வேண்டும்.

ஒரு மத்தியானம் ஆட்டையாம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். படம் ஆடிக்கொண்டே இருந்தது. கொட்டகையில் கறுப்பு வெள்ளைக் கலப்பின மாடு ஒன்று நின்றது. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாகத் தொங்கியது. பக்கத்துத் தறிக்கூடத்தின் சத்தத்தையும் மீறி, தொண்டை கட்டிப்போன குரலில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

“மரவள்ளிக்கெழங்கு தொண்டைல சிக்கிக்கிச்சுங்க டாக்டரம்மா. தண்ணி கூட எறங்க மாட்டேங்குது. ஊட்டுக்காரரு கையை உட்டுப் பாத்துட்டாரு, ஒண்ணும் தட்டுப்படலீங்க.”

“நாய் ஏதாவது கடிச்சுதா?” என்று கேட்டேன்.

“ரெண்டு மாசம் இருக்குமுங்க. காட்டுல மேயறப்ப மூக்குல ஒரு நாய் கவ்வுச்சு. சின்னக் காயந்தானுங்க.”

“யாரும் மாட்டுக்கிட்டப் போகாதீங்க. இது வெறிநோயா இருக்கலாம். உங்க வீட்டுக்காரர் இப்பவே கையைச் சோப்புப் போட்டு ஓடுற தண்ணில கால் மணி நேரம் கழுவணும். அப்புறம் நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான் டாக்டரை அனுப்புறேன்.”

அவளுடைய கொழுந்தன் போனைப் பிடுங்கினான். தறி ஓட்டுகிறவன், தலைமுடியெல்லாம் பஞ்சு. “மயக்க ஊசி பேரச் சொல்லுங்க. மெடிக்கல்ல வாங்கி நானே போட்டுக்கறேன்.”

“அப்படிச் சொல்லக் கூடாதுங்க. சட்டம் விடாது. ஊசி போட நீங்க கிட்டப் போனா மாடு உங்களையே—”

“மாடு செத்தா நீயா வந்து தூக்குவே?” ‘ங்க’ போய்விட்டது.

அப்போதுதான் மாட்டைக் கட்டியிருந்த கயிறு அறுந்தது. கை கழுவக்கூடப் போகாமல் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்த புருஷனைத் தலை குனிந்து வந்து தொடையில் குத்தித் தூக்கியது. மனிதன் சுவரில் மோதி விழுந்த சத்தம், மூட்டையைப் போட்டதுபோல் கேட்டது. போன் கீழே விழுந்தது. அதன்பிறகு எனக்குத் தெரிந்தது தகரக்கூரை மட்டும்தான். அந்தப் பெண்ணின் அலறல், கொழுந்தனின் கெட்ட வார்த்தைகள், கடப்பாரை மாட்டின் எலும்பில் இறங்கும் ஓசை எல்லாம் கேட்டன. “அடிக்காதீங்க, விலகுங்க!” என்று ஆபீஸே திரும்பிப் பார்க்க நான் கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை.

மாடு தறிக்கூடத்துக்குள் புகுந்ததைச் சத்தத்தில் தெரிந்துகொண்டேன். நூல் பாவு கிழிய, சட்டங்கள் நொறுங்க, ஓடுகிற தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. யாரோ கரண்டை நிறுத்தியிருக்க வேண்டும். பிறகு இரும்புக் கதவு அறைந்து தாழ் விழுந்தது. தாழ் போட்டவள் அந்தப் பெண்தான் என்று பிறகு தெரிந்தது.

ஆம்புலன்சுக்குச் சொல்லி, அந்தப் பகுதி அரசு டாக்டரையும் கூப்பிட்டேன். அவர் வேறொரு ஊரில் முகாமில் இருந்தார், வருகிறேன் என்றார். அதுவரை காத்திருக்க மனம் ஒப்பாமல் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நான் காரை விட்டு இறங்கியதும் கொழுந்தன் வந்தான். சட்டையெல்லாம் இரத்தமும் எச்சிலும். “போன்ல ஒரு பேரு சொல்ல முடியல, இப்ப என்னத்துக்கு வந்தே?” என்று கேட்டுக்கொண்டே அறைந்தான். காது இரைந்தது. கார்க் கதவில் சாய்ந்துகொண்டேன். அடுத்த அடிக்குள் அந்தப் பெண் நடுவில் பாய்ந்து, அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பம்புசெட் தொட்டியடியில் தள்ளினாள். “கழுவுடா! உங்கண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயாச்சு. நீயும் சாகோணுமா?” அவன் கைகளைச் சோப்பால் அவளே தேய்த்தாள். தேய்த்த தேய்ப்பில் தோல் சிவந்தது. அவன் கொட்டுகிற தண்ணீரின் கீழ் உட்கார்ந்து ஓவென்று அழுதான். அந்த மாட்டைக் கன்றுக்குட்டியாக வந்த நாளிலிருந்து புல் அறுத்துப் போட்டு வளர்த்தவன் அவன்.

தறிக்கூட ஜன்னல் வழியே பார்த்தேன். கழுத்திலும் கொம்பிலும் வெள்ளை நூல் சுற்றி, மாடு சுவரையே முட்டிக்கொண்டிருந்தது. ஒரு கொம்பு முறிந்து தொங்கியது. அரசு டாக்டர் வந்து பார்த்தார். காப்பாற்ற வழியில்லை என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. மூங்கில் கழியின் நுனியில் ஊசியைக் கட்டி, ஜன்னல் கம்பிக்கிடையே விட்டு, போனில் நான் சொல்ல மறுத்த அதே மருந்தைச் செலுத்தினோம். அது முட்டியதில் முதல் கழி முறிந்தது. இரண்டாவது கழியில்தான் மருந்து இறங்கியது. கால் மடிந்து அது படுத்த பிறகு, கையுறையும் முகக்கவசமும் போட்டு உள்ளே போய்க் கடைசி ஊசியை நான் போட்டேன். மூளைச் சோதனையில் வெறிநோய் உறுதியானது.

புருஷன் பிழைத்தார். தொடையில் தையல், விலா எலும்பில் முறிவு. ஆஸ்பத்திரியில் தடுப்பூசியை உடனே தொடங்கிவிட்டார்கள். கொழுந்தனுக்கும் அவளுக்கும்கூடப் போட்டார்கள். கழி பிடித்ததால் நானும் போட்டுக்கொண்டேன். இப்போது அவர் லேசாகச் சாய்ந்து நடக்கிறார், அவ்வளவுதான்.

அடித்ததற்கு நான் போலீசில் புகார் கொடுத்தேன். வீட்டில் வேண்டாம் என்றார்கள், அப்பா கோயில் சாமியாரைக் கொண்டுகூட எனக்குச் சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை. போனில் விதியைச் சொல்லும் எந்தப் பெண்ணையும் நேரில் பார்த்தால் அறையலாம் என்று ஆகிவிடக் கூடாது.

ஸ்டேஷனுக்கு அந்தப் பெண்ணும் கொழுந்தனும் வந்தார்கள். அவன் சாக்கு எதுவும் சொல்லவில்லை. “அடிச்சனுங்க. தப்புத்தானுங்க” என்றான். என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக் கேட்டான்: “அது சாகறப்ப வலிச்சிருக்குமுங்களா?”

“கடைசி ஊசி வலிச்சிருக்காது” என்றேன். அதற்கு முன் விழுந்த கடப்பாரை அடிகளைப் பற்றி அவன் கேட்கவில்லை.

எச்சரித்து எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். எனக்கும் அது போதுமென்றிருந்தது. வெளியே வந்தபோது அவள் என்னை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனாள். “மறுக்கா ஒரு மாடு வாங்கோணுமுங்க. அதையும் நாய் கடிச்சா அன்னைக்கே என்ன பண்ணோணும், சொல்லுங்க.”

காயத்தை உடனே கழுவுவது, கடித்த அன்றே தடுப்பூசியைத் தொடங்குவது, தனியாகக் கட்டி வைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். ஓரிடத்தில் தப்பாகச் சொன்னாள். திருத்தினேன்.