கொதிப்பு என்றால் சூடு என்று நினைத்தேன்

நாலு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதம் முடியப்போகிற சமயத்தில் நடந்தது இது. திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில், அகரம் தாண்டி உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். கொஞ்சம் செண்டுமல்லியும் கொஞ்சம் வெண்டையும் போட்டுப் பிழைக்கிறோம். மகள் அப்போது எட்டாம் வகுப்பு. எங்களுக்கு அவள் ஒருத்திதான்.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் ஜாஸ்தி. ஒருவர் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் நான் பத்து சொல்லிவிடுவேன். அதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் பிறந்தபோது ஒன்றேமுக்கால் கிலோதான். உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தாள். பால்வாடியில் மாதாமாதம் எடை போட்டுவிட்டு, "பத்தலம்மா, இன்னும் நல்லாக் குடுக்கணும்" என்பார்கள். மற்ற தாய்மார்கள் முன்னால் எனக்கு மானம் போகும். அந்த வைராக்கியத்தில் ஊட்ட ஆரம்பித்தேன். வேண்டாம் என்று தலையைத் திருப்பினாலும் விடமாட்டேன். பத்து வயதில் கன்னம் உப்பி, கையெல்லாம் மடிப்பு விழுந்து நின்றாள். புஷ்டியாக இருக்கிறாள் என்று யாராவது சொன்னால் எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

பள்ளிக்கூடத்துக்கு ஷேர் ஆட்டோ வாசலுக்கே வரும். திரும்பி வந்தால் மிக்சர் பாக்கெட்டும் போனும். பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வருகிற அவள் அப்பா வாரத்தில் நாலு நாள் புரோட்டா பார்சல் வாங்கி வருவார். தோட்டத்துப் பக்கம் அவளை விடவே மாட்டேன். வெயிலில் வாடிவிடுவாளாம். நான் பட்ட கஷ்டம் அவளுக்கு எதுக்கு என்று நினைப்பு.

அந்த ஆடியில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கெல்லாம் உடம்பு பரிசோதனை செய்தார்கள். மறுநாள் என்னை வரச் சொல்லி ஆள் விட்டார்கள். போனேன். சின்னப் பெண்தான் அந்த நர்ஸ், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. இடுப்பளவு எடுத்தார்களாம், கையில் பட்டை கட்டி மூன்று தடவை பார்த்தார்களாம்.

"அக்கா, பாப்பாவுக்குக் கொழுப்பு ஜாஸ்தியா இருக்கு, அதனாலதான்..." என்று ஆரம்பித்தாள்.

எங்கள் பக்கம் ஒருத்தரைப் பார்த்துக் கொழுப்பு என்றால் அது திமிர். மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது எனக்கு. அவள் சொல்ல வந்தது வேறு என்று அந்த நிமிஷமே எனக்கு விளங்கியது. விளங்கினாலும் வாய் நிற்கவில்லை.

"என் பிள்ளைக்கா கொழுப்பு? சொல்ற ஒனக்குத்தாம்மா கொழுப்பு. ஒன்னேமுக்கா கிலோவுல பொறந்தவள இம்புட்டு ஆளாக்கியிருக்கேன். கண்ணு வைக்காத."

வாத்தியார்கள் எல்லாரும் பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்கு முகம் சுண்டிப்போனது. ஒரு சீட்டை மட்டும் என் கையில் திணித்தாள். கேட் வரைக்கும் பின்னாலேயே வந்து என்னமோ சொன்னாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உப்பும் மிளகாயும் எடுத்து மகளுக்குச் சுற்றி அடுப்பில் போட்டேன்.

அப்புறம்தான் சீட்டைப் படித்தேன். எட்டாவது வரைக்கும் படித்தவள் நான், எழுத்துக் கூட்டத் தெரியாதவள் இல்லை. "உடல் பருமன். ரத்தக் கொதிப்பு. மருத்துவமனையில் காட்டவும்" என்று எழுதியிருந்தது. பெரியவர்களுக்கு வருகிறதை நாங்கள் பிரஷர் என்றுதான் சொல்வோம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு பிரஷர் வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. ரத்தம் கொதிக்கிறது என்றால் உடம்புச் சூடு, வேறென்ன? சூட்டுக்குப் போய் ஆஸ்பத்திரியா என்று சீட்டை மடித்துக் காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டேன்.

சூட்டைத் தணிக்க என்ன செய்வோமோ அத்தனையும் செய்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன். காலையில் பழைய சோற்று நீச்சத்தண்ணி, மத்தியானம் மோர், சாயங்காலம் மறுபடியும் மோர். சும்மா இல்லை, எல்லாவற்றிலும் உப்பை அள்ளிப் போட்டு. வெஞ்சனமாகத் தொட்டுக்கொள்ள ஊறுகாயும் மோர் மிளகாயும். என் கையாலேயே கலக்கிக் கொடுத்தேன்.

கார்த்திகை வாக்கில் தலைவலி என்றாள். சூடு என்றேன். ஒருநாள் சில்லுமூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். பார்த்தாயா, அத்தனையும் சூடு என்று இன்னும் ஒரு சொம்பு மோர் கொடுத்தேன். கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்றாள். போனைப் பார்த்துப் பார்த்துத்தான் என்று போனைப் பிடுங்கி வைத்தேன். அவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. இப்போது அதை நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

தை பிறந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம். காலையில் பூ எடுத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் போன் பண்ணினார். வகுப்பிலேயே விழுந்து, கை கால் இழுத்துக்கொண்டதாம். ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்களாம். மண் கையோடு திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

ஐசியுவில் வைத்திருந்தார்கள். டாக்டர் வெளியே வந்து, பிரஷர் மிக அதிகமாகப் போய்விட்டது என்றார். இதற்கு முன்னால் யாராவது பிரஷர் இருப்பதாகச் சொன்னார்களா என்று கேட்டார்.

"இல்லீங்க சார். ரத்தக் கொதிப்புன்னு ஒரு சீட்டுக் குடுத்தாக. அது சூடுதானுங்களே. மோரெல்லாம் குடுத்துத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"மோர்ல உப்புப் போட்டீங்களாம்மா?"

"ஆமா சார், உப்பில்லாம எப்படிக் குடிப்பா?"

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அம்மா, ரத்தக் கொதிப்புங்கிறதும் பிரஷரும் ஒண்ணுதாம்மா" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டே கீழே உட்கார்ந்தேன்.

கிட்னி, இதயம் எல்லாவற்றையும் பரிசோதித்தார்கள். வேறு நோய் எதுவும் காரணம் இல்லை என்றார்கள். வயிற்றைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு பிரஷரை ஏற்றியிருக்கிறது, உப்பு அதை இன்னும் மேலே தள்ளியிருக்கிறது. டவுன் பிள்ளைகளுக்குத்தானே சார் இதெல்லாம் வரும் என்று கேட்டேன். இப்போது கிராமத்திலிருந்தும் இப்படிப் பிள்ளைகள் வருகிறார்கள், வெளியில் ஒன்றும் தெரியாததால் யாரும் பார்ப்பதில்லை என்றார். என் பிள்ளையைப் பார்த்தார்கள். பார்த்து, எழுதியே கொடுத்தார்கள்.

உயிர் பிழைத்தாள். ஆனால் வலது கண்ணில் நரம்பு கெட்டுவிட்டது. மதுரைக்கும் கொண்டுபோய்க் காட்டினோம். இடது கண் தப்பியது, வலது கண்ணில் போன பார்வை இனி வராது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த நர்ஸைத் தேடிப் போனேன். காலில் விழவேண்டும் என்றுதான் போனேன். வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிவிட்டாளாம். அவள் கேட் வரைக்கும் வந்து சொன்னது என்ன என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பாள்.

எங்கள் தெருவிலேயே ஒரு பிள்ளை, ஆறாவது படிக்கிறான், என் மகள் அந்த வயதில் இருந்த மாதிரியே இருக்கிறான். போன மாதம் அவன் அம்மாவிடம், ஒரு தடவை பிரஷர் பார்த்துவிடு என்று பக்குவமாகத்தான் சொன்னேன். அவளுக்கு முகம் மாறிவிட்டது. "ஒம்பிள்ளைக்கு ஆனா எம்பிள்ளைக்கும் ஆகணுமாக்கா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளிடம் எனக்குக் கோபமே வரவில்லை.

மகள் இப்போது பிளஸ் டூ. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒன்று. எடை குறைந்துவிட்டாள். இளைத்து அழகாகிவிட்டாள் என்கிறார்கள் பார்க்கிறவர்கள். என்னை ஒரு வார்த்தை அவள் குறை சொன்னதில்லை. படிக்கும்போது புத்தகத்தை இடது பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொள்கிறாள். வலது பக்கம் நான் போய் நின்றால் நான் நிற்பதே அவளுக்குத் தெரியாது, அதனால் அழவேண்டும் போல இருக்கிற நாட்களில் நான் அந்தப் பக்கமாகத்தான் போய் நின்றுகொள்கிறேன்.