உள்ளங்கை வெல்லம்

பெயிண்ட்டுக்குப் பவுடர் அரைக்கிற கம்பெனியில் வேலை. மெஷினைப் பார்த்துப் பயப்படலாம், மேனேஜரைப் பார்த்துப் பயப்படலாம். நான் பஸ்ஸைப் பார்த்துப் பயந்தேன். ஊத்துக்கோட்டையில் ஏறினால் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை போய்ச் சேரும்வரை எங்கெங்கே கக்கூஸ் இருக்கிறது, எதில் தாழ்ப்பாள் விழும், எதில் விழாது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆடி மாசம் பெரியபாளையத்தில் கோயில் கூட்டம். கட்டணக் கழிப்பறை வாசலில் மஞ்சள் துணிக்காரர்களுக்கு நடுவில் நானும் நிற்பேன். அவர்கள் அம்மனை வேண்டிக்கொள்வார்கள். நான் எனக்கு முன்னால் நிற்கிற ஆளை வேண்டிக்கொள்வேன்.

பெருங்குடலின் உள்பக்கம் வீங்கிப் புண்ணாகி ரத்தம் கசிகிற நோய். உடம்பே தன் குடலைப் பகையாளி என்று நினைத்துச் சண்டை போடுகிறதாம். டாக்டர் இதைச் சொன்னபோது என் மனைவி, "இவரு வாய்க்கு ஊருல யாரும் பகையாளி ஆவலன்னு அவரு உடம்பே ஆயிட்ச்சி போல" என்றாள். சொல்லிவிட்டு வெளியே வந்து முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

மூன்று வருஷம் மாத்திரை, பின்பக்கம் ஏற்றுகிற மருந்து என்று ஓடியது. எங்கள் மேஸ்திரி கலர் செல்போன் வாங்கி எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்த வருஷம், எனக்கு மறுபடியும் ரத்தம் அதிகமானது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "அடுத்த வாரம் பின்பக்கமா கேமரா குழாய் விட்டுப் பாத்துடலாம். மருந்துக்கு அடங்கலன்னா பெருங்குடலை எடுக்க வேண்டி வரலாம். வயித்துல ஓட்டை போட்டு வெளியில ஒரு பை மாட்டுவோம்."

 பையா? எட்டாத உயரத்தில் இருக்கிற பம்ப்ஸெட் சுவிட்சுக்கே நான் மூட்டை மேல் ஏறி நிற்கிற குள்ளன். என் வயிற்றில் பையை எங்கே மாட்டுவார்கள்?

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு பெண் வந்தது. பழவேற்காட்டில் கருவாடு வியாபாரம் பண்ணுகிற குடும்பம், வீட்டிலேயே முதலில் காலேஜுக்குப் போனது அதுதான் என்று பிறகு தெரிந்தது. தலையில் முக்காடு, கையில் காகிதக்கட்டு. ஆராய்ச்சிப் படிப்பாம்.

"அங்கிள், மருந்தைச் சுமந்துக்கினு போய் புண்ணு இருக்கிற எடத்துல மட்டும் எறக்கிவைக்கிற நானோ துகள் செய்யறோம். தலைமுடியில ஆயிரத்துல ஒரு பங்கு கூட இருக்காது. அவ்ளோ சின்னது. குழாய் விடும்போது உங்க குடல்லேர்ந்து..."

அதற்கப்புறம் அது என்ன சொன்னதோ, சத்தியமாக என் காதில் விழவில்லை. கையெழுத்து கேட்டது, போட்டேன். பையைத் தவிர எது கேட்டிருந்தாலும் போட்டிருப்பேன்.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில்தான் பயம் ஏறியது. எங்கள் கம்பெனியில் ஒரு கணக்கு உண்டு. பவுடர் எவ்வளவு நைசோ அவ்வளவு ஆபத்து. கொரகொரப்பாக இருந்தால் தும்மினால் போய்விடும். முந்நூற்றி இருபத்தைந்தாம் நம்பர் சல்லடையில் இறங்குகிற மாவு நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. அதனால் ஷிப்ட் முடிந்ததும் கேட்டில் மேஸ்திரி ஆளுக்கு ஒரு துண்டு வெல்லமும் வாழைப்பழமும் கொடுப்பார். நைஸ் மாவு செக்‌ஷனுக்கு இரண்டு துண்டு. வெல்லம் தூசியை வழித்துக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் எல்லோருக்கும் வேதவாக்கு. எந்த டாக்டர் சொன்னது என்று யாரும் கேட்டதில்லை.

சரி, சல்லடை மாவுக்கே இரண்டு துண்டு. தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால்? பஸ் பெரியபாளையம் வருவதற்குள் கணக்குப் போட்டுவிட்டேன். அரை கிலோ.

குழாய் விடுவதற்கு முந்தின நாள் குடலைக் கழுவ ஒரு பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொன்னார்கள். அதைக் குடித்தவனுக்குத் தெரியும், மனுஷன் வெறும் குழாய்தான் என்று. காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று உத்தரவு. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் முன்னால் வெல்லம் தின்ன முடியுமா? கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தின்றேன். எனக்குப் பழகின இடம்தானே. கால் கிலோ தாண்டியதும் கதவைத் தட்டிப் பெயரைக் கூப்பிட்டார்கள். மீதியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, அவர்கள் கொடுத்த பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு போய்ப் படுத்தேன். அந்த அங்கிக்குப் பாக்கெட்டும் இல்லை, பின்பக்கமும் இல்லை.

நர்ஸம்மா ஊசி போட வந்தது. "கைய விரிங்க."

"அந்தக் கையில போடுங்கம்மா."

"இதுலதான் நரம்பு நல்லா தெரியுது. விரிங்க."

விரித்தேன். வெல்லம் உருகி மணிக்கட்டுவரை வழிந்திருந்தது.

டாக்டர் வந்து கையைப் பார்த்தார். "வயித்துல ஏதாவது இருந்து, மயக்கத்துல வாந்தி எடுத்தா நெஞ்சுக்குள்ள போயிடும், தெரியுமா?" என்றார். மறுநாள் காலைக்குத் தள்ளிவைத்தார். அந்தக் கழுவுகிற பவுடரை மறுபடியும் முழுசாகக் குடிக்க வேண்டும் என்றார்.

வெளியே மனைவி பெஞ்சில் இருந்தாள். மடியில் எப்போதும் கொண்டுவருகிற ஒயர் கூடை. அதில் எனக்கு மாற்று லுங்கி, ஒரு பிளாஸ்டிக் மக்கு, பழைய செய்தித்தாள். விஷயம் தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"நீ துன்னலன்னு நானும் நேத்துலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படாம குந்திகினு கீறேன். நீ உள்ள போய் வெல்லமா துன்னுகினு இருந்த? ஏன்யா?"

அவள் சாப்பிடவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை.  ஒருவழியாகச் சொன்னேன். "அந்தப் பொண்ணு நைஸ் தூசிய உள்ள போடப் போவுதுன்னு... பயந்துட்டேன்."

அந்தப் பெண் பக்கத்தில்தான் நின்றது. சிரிக்கும் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தது.

"அங்கிள், உங்களுக்குள்ள எதையும் போடப் போறதில்ல. உங்க குடல்லேர்ந்து ஒரு கிள்ளு எடுத்துக்கினு போய், வெளியில கண்ணாடித் தட்டுல வெச்சி, எங்க துகள் அதுல ஒட்டுதான்னு பாப்போம். அவ்ளோதான். அன்னிக்கும் இதத்தான் சொன்னேன்." பிறகு கேட்டது: "நீங்க ஏன் பவுடர அவ்ளோ நைசா அரைக்கிறீங்க?"

"அப்பத்தான் சுவத்துல புடிக்கும். நைசா இருந்தா பேந்துபோன சுவத்துல கீற சின்னச் சந்துல கூடப் போய்க் குந்திக்கும்."

"நல்ல வழவழ டைல்ஸுல?"

"வழுக்கிடும்."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. புண்ணான குடல் பெயர்ந்த சுவர். நல்ல குடல் டைல்ஸ். புண்ணுள்ள இடத்தில் மட்டும் மருந்து உட்காரும். நான் இத்தனை வருஷமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பயந்த நைஸ்தான் அங்கே வேலையே செய்யப்போகிறது.

"இத நீ மொதல்லயே பெயிண்ட் பாஷையில சொல்லியிருக்கலாமேம்மா," என்றேன்.

மனைவி, "சொல்லியிருந்தா மட்டும் கேட்டுக்கினு இருந்திருப்ப," என்றாள். அதற்குப் பிறகு கேன்டீனுக்குப் போனாள். அவள் இரண்டு இட்லி தின்கிறவரை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்குத் தண்டனை என்று நினைத்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் குழாய் விட்டார்கள். நான் கண் விழித்தபோது டாக்டர் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "கீழ்ப்பக்கம்தான் புண்ணு. மேல நல்லா இருக்கு. மருந்தை மாத்திப் பாக்கலாம். இப்போதைக்கு அறுக்க வேணாம்." அவள் கூடையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். மக்கு கடகடவென்று சத்தம் போட்டது.

ஆறு மாதம் கழித்துப் போனபோது அந்தப் பெண் ஒரு படம் காட்டியது. கறுப்பில் பச்சைப் புள்ளிகளாக மின்னியது. "உங்க கிள்ளுதான் அங்கிள். புண்ணு இருக்கிற எடத்துல மட்டும் ஒட்டியிருக்கு பாருங்க."

அரை கிலோ வெல்லத்தோடு எதைக் கண்டு ஓடினேனோ, அதற்காக இப்போது கையேந்தினேன். "எனக்கு எப்பம்மா குடுப்ப?"

"இன்னும் எலிக்கே குடுத்து முடியல. ரொம்ப வருஷம் ஆவும். ஆவாமலே கூடப் போலாம்." அதன் குரல் இறங்கிவிட்டது. "இன்னொரு வாட்டி கிள்ளு குடுப்பீங்களா?"

"எடுத்துக்க. எலியவிட நான் நல்லாவே சொன்ன பேச்சு கேப்பேன்."

மனைவி அடக்க முடியாமல் சிரித்தாள்.

அப்போதுதான் அதன் விரல் நுனியைப் பார்த்தேன். நகக்கண்ணில் வெள்ளை மாவு. "காஞ்ச பவுடர நீயேதான் எடை போடுறியா?" என்று கேட்டேன். தலையாட்டியது. மாஸ்க்? மெல்லிசுத் துணி மாஸ்க்காம்.

முந்நூற்றி இருபத்தைந்தாம் நம்பருக்கே எங்கள் கம்பெனியில் கனமான மாஸ்க் கொடுப்பார்கள். இந்தப் பெண் அதைவிட எத்தனையோ மடங்கு நைஸை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு எடை போடுகிறது. எனக்குப் பழைய பயம் அப்படியே வந்தது, ஆனால் எனக்காக இல்லை. அடுத்த முறை போகும்போது கம்பெனி ஸ்டோரில் கேட்டு வாங்கிய நல்ல மாஸ்க் இரண்டு கொண்டுபோனேன். கூடவே காகிதத்தில் மடித்து இரண்டு துண்டு வெல்லம்.

"வெல்லம் நுரையீரலுக்குப் போகாது அங்கிள்," என்றது. "அது போற வழியே வேற."

"தெரியும். நைஸ் மாவு செக்‌ஷனுக்கு ரெண்டு துண்டு. அதான் கணக்கு."

மாஸ்க்கைப் பையில் வைத்துக்கொண்டது. வெல்லத்தை அங்கேயே, என் எதிரிலேயே, கடித்துத் தின்றது.