மயிலம்மாளின் பின் பிரேக்

செனாவாங் கம்பெனிகளுக்குப் போகும் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய் விடுவதுதான் தங்கராஜுவின் பிழைப்பு. அவன் அண்ணி மயிலம்மாளும் புருஷன் செத்த பிறகு வருஷக்கணக்கில் அந்த வேனில்தான் போய்வந்தாள். "அண்ணியா போயிட்டீங்க, அதான் ஏத்திட்டுப் போறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிக்காட்டுவான். காசு வாங்கிக்கொண்டுதான் இந்தப் பேச்சு! பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் ஒரு நாள் சொந்தமாகக் கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி ஏறிவிட்டாள். அதோடு விட்டாளா? வேனில் வந்துகொண்டிருந்த விமலாவையும் பின்னால் ஏற்றிக்கொண்டாள். தங்கராஜுவுக்கு வயிறு எரிந்தது.

புக்கிட் பெலண்டோக்கில் அவர்கள் இருக்கும் தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்கும் மேடு செங்குத்தானது. அன்று மதிய ஷிப்டுக்குக் கிளம்பிய மயிலம்மாள் அதில் இறங்கும்போது பின் பிரேக்கை மிதித்தாள். சாப்பிடவில்லை. பிரேக் பிடிப்பதை அந்தப் பக்கத்தில் சாப்பிடுவது என்றுதான் சொல்வார்கள். இன்னும் அழுத்தினாள், மோட்டார் தன்பாட்டுக்கு ஓடியது. கீழே செம்பனைக் குலை ஏற்றிய லோரி குறுக்கே வந்துகொண்டிருந்தது. முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்ததில் வண்டி சறுக்கி, ஓரத்துப் புல்லில் போய் விழுந்தாள். நல்லவேளை, விமலா அன்று லீவு.

முழங்கை தோலுரிந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடேறி வந்தவளைத் தங்கராஜு வாசலில் நின்று பார்த்தான்.

"நான் அப்பவே சொன்னேன்லா. மிதிக்கத் தெரியாத பொம்பளைக்கு எதுக்கு மோட்டாரு? பேசாம நாளைலேர்ந்து வேன்ல வாங்க."

அடிபட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டானா? பாவி! அவன் பாட்டுக்குச் சாப்பிட உள்ளே போய்விட்டான். மயிலம்மாள் புருஷனின் ஸ்பேனர் பெட்டியை எடுத்துவந்து வண்டியருகே உட்கார்ந்தாள்.

முதலில் பெடலிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் கம்பியைப் பார்த்தாள். நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது, மிதித்தால் கம்பியும் இழுத்தது. அப்படியானால் கோளாறு உள்ளே. சக்கரத்தைக் கழற்றினாள். பிரேக் கட்டைகள் தேயவில்லை, ஆனால் எண்ணெயில் ஊறிப் பளபளத்தன. பேரிங் கிரீஸ் உருகி வந்ததோ என்று அதையும் பார்த்தாள்; அது இருந்த இடத்திலேயே இருந்தது. விரலை முகர்ந்தாள். குப்பென்று அழுகிய முட்டை நாற்றம்.

கப்சாய்க்கு அந்த எண்ணெயே கிடையாது. அது வேனுக்கு ஊற்றும் கியர் எண்ணெய். போன சனிக்கிழமை தங்கராஜு வேனுக்கு அடியில் படுத்து அதை மாற்றியபோது லைன் வீடுகள் முழுக்க நாறியது.

கொலைகாரப் பயல்! ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடிக்கலாம். ஆனால் சாமி மேல் சத்தியம் பண்ணித் தப்பித்துவிடுவான். அவன் வாயாலேயே வரட்டும் என்று, எண்ணெயைத் துடைக்காமல் சக்கரத்தைத் திரும்ப மாட்டினாள்.

சாப்பிட்டு வெளியே வந்தவனிடம் வாயெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்: "தம்பி, வண்டில ஒன்னும் இல்ல. எனக்குத்தான் மிதிக்கத் தெரியல. நீங்க ஓட்டிக் காட்டுங்க."

"இப்ப எதுக்கு?"

"செல்லம் கடைக்குப் போகணும்னாளே. அவளை ஏத்திக்கிட்டு மேட்டுல இறங்குங்க. நான் பார்த்துக் கத்துக்கறேன்."

செல்லம் அவன் மனைவி. வெகுளி. "ஆமாங்க, சீனி முடிஞ்சிருச்சு, வாங்க" என்று பையோடு வந்து, ஏறி உட்காரக் காலைத் தூக்கினாள். வண்டிச் சாவி மயிலம்மாளின் கைக்குள் இருந்தது. அவள் அதைக் கொடுப்பதாகவே இல்லை.

"ஏறாதடி! கட்டையெல்லாம் எண்ணெய்!"

அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

"எண்ணெய்னு யாருடா உனக்குச் சொன்னா?" என்றாள் மயிலம்மாள். அதுவரை அவனை அவள் தம்பி, நீங்க என்றே கூப்பிட்டுவந்தாள். "நான் அந்த வார்த்தையே எடுக்கலியே."

தங்கராஜு திறந்த பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "கொஞ்சமாத்தான் ஊத்தினேன்... பயந்துபோயி வேனுக்கே வந்துருவீங்கன்னு..."

செல்லம் தூக்கிய காலை மெல்லக் கீழே வைத்தாள். புருஷனைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நான் ஏறக்கூடாது. அக்கா ஏறினா பரவால்லயா?"