பவுடர் போட்ட தழும்பு

தேங்காயெண்ணெய்ப் போத்தல் ஹீட்டருக்கு மேல் நிற்கிறது. இந்த நாட்டில் கோடையைத் தவிர மற்றக் காலமெல்லாம் தேங்காயெண்ணெய் கட்டிதான். அது உருகும்வரை செல்வரட்ணம் அண்ணை வெறும் மேலோடு கட்டிலில் இருந்து யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே கோல்டிங் என்ற டெனிஷ் நகரம் பனிப்புகாருக்குள் பாதி கரைந்து கிடக்கும். உருகியதும் உள்ளங்கையில் ஊற்றி, வலது காதுக்குக் கீழே தொடங்கிக் கழுத்து, தோள்மூட்டு என்று மெல்ல மெல்லத் தேய்ப்பார். கண் செருகிவிடும். அந்த நேரத்தில் என்ன கேட்டாலும் "ம்" என்பது மட்டும்தான் பதில். எண்ணெய் ஊறிய பிறகு பவுடர். அதையும் தழும்பு முழுக்கப் பூசி முடித்துத்தான் சேட்டைப் போடுவார்.

நாங்கள் இருவரும் ஒரே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். ஹாம் அவிக்கிற தொட்டியின் குழாய் ஒருநாள் கழன்று, கொதிநீர் இவர்மேல் பாய்ந்துவிட்டது. ஆசுப்பத்திரியால் திரும்பி வந்தவரை, வேறு இடம் இல்லையென்று குளிர் அறையில் விட்டார்கள். குளிர் பட்டால் அந்தத் தோல் இழுத்துப் பிடிக்கும், வெடிக்கும். இறைச்சிப் பெட்டியைத் தூக்கும்போது கழுத்தைத் திருப்ப முடியாமல் முழு உடம்பையும் திருப்புவார். அதைப் பார்த்துவிட்டு, பெரிய துரை நடக்கிறார் என்று நாங்கள் பகிடி பண்ணியதும் உண்டு. நிரந்தரப் பாதிப்பு என்று காய நட்டஈட்டு அலுவலகம் தீர்மானித்தால்தான் சூடான மண்டபத்துக்கு மாற்றலாம், இல்லாவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஃபோர்மன் கையை விரித்துவிட்டார்.

பஸ்ஸில் எப்போதும் வலதுபக்க யன்னலோரம்தான். தழும்பு யன்னல் பக்கம் போய்விடும், சனத்துக்குத் தெரியாது. அதனால் வேலைக்குப் போகும்போது தெருவின் ஒரு பக்கத்தையும், திரும்பும்போது மறுபக்கத்தையும் மட்டுமே பார்ப்பார். அவருக்கு அவை இரண்டு ஊர்கள். "அந்தச் சிவப்பு ஓட்டு வீட்டிலை லைற் எரியேக்கைதான் நான் கண்டிருக்கிறன். விடியக் காலமை அது எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியாது தம்பி" என்பார். மற்றப் பக்கத்தில் ஒருதரம் இருந்து பாருங்கோவன் என்றால், கேட்காதவர்போல் உடம்போடு திரும்பி வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். சொல்லிப் பயனில்லை.

மனைவி யூலியானா ஊரில், மடு அகதி முகாமில் இருக்கிறா. எங்கள் ஆட்களின் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடும் விண்ணப்பங்களை அமைச்சில் வேண்டுமென்றே கிடப்பில் போட்ட கதைதான் இப்போது பேப்பர் முழுக்கத் தமிழர் வழக்கென்று வருகிறது. அண்ணையின் விண்ணப்பமும் அதில் கிடந்து புழுங்கி, இப்போதுதான் அசையத் தொடங்கியிருக்கிறது. யூலியானாவுக்கு அனுப்ப அடிக்கடி நான்தான் படம் எடுப்பேன். எல்லாவற்றிலும் இடதுபக்க முகம். வெந்த கதையே அவவுக்குத் தெரியாது. "வரட்டும், வந்த பிறகு ஆறுதலாச் சொல்லுவம்" என்பார்.

முதல்முறை நட்டஈட்டு அலுவலகத்து வைத்தியரிடம் தனியாகப் போனார். போனவர் செய்த வேலையைக் கேளுங்கள். தலை முழுகி, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு எண்ணெய் தேய்த்து, பவுடர் பூசி, கஞ்சி போட்ட வெள்ளைச் சேட்டோடு மாப்பிள்ளைபோல் போய் நின்றிருக்கிறார். நோகுதா என்று வைத்தியர் கேட்டதற்குச் சிரித்துக்கொண்டு "நெய், நெய்" என்றிருக்கிறார். டெனிஷில் இல்லையென்று சொல்ல மனிதர் வடிவாகப் படித்து வைத்திருந்தார். தழும்பு மென்மையானது, வலியில்லை, வேலைக்குத் தடையில்லை என்று முடிவு வந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது.

"டொக்டரட்டைப் போறதெண்டால் துப்புரவாய்த்தானே போகவேணும். அந்தப் பெரிய மனிசன் கேக்கேக்கை, ஐயோ நோகுதெண்டு அழுறதே? மரியாதையில்லை" என்றார்.

"இனிச் சாகுமட்டும் குளிருக்குள்ளை மரியாதையாய் நில்லுங்கோ" என்றேன்.

தொழிற்சங்கத்துக் கியர்ஸ்டன் என்ற பெண்தான் மேல்முறையீடு எழுதித் தந்தா. மேல்முறையீட்டுச் சபை இன்னொரு வைத்தியரிடம் காட்டச் சொன்னது. இதையும் தவறவிட்டால் அதற்குமேல் கேட்க இடமில்லை என்று கியர்ஸ்டன் சொல்லிவிட்டா. நான் அவருடைய அறைக்குப் போய் எண்ணெய்ப் போத்தலையும் பவுடரையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த நாட்களில் அவர் கழுத்துப் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் பொறுக்காது. வெற்று ஹீட்டரைப் பார்த்தபடி இருப்பார். "கழுத்துச் சொல்லுது, நாளைக்கு ஸ்னோ" என்பார். அடுத்தநாள் கொட்டும்.

வைத்தியரிடம் மொழிபெயர்க்க நான் போனேன். எண்ணெய் இல்லை, பவுடர் இல்லை. ஆனால் கஞ்சி போட்ட வெள்ளைச் சேட்டை விட்டுக்கொடுக்கவில்லை. வைத்தியர் ஒரு வயதான பெண். கழுத்தை மெல்ல அமத்தி, நோகுதா என்று கேட்டா. அண்ணையின் முகத்தில் அந்தப் பாழாய்ப்போன சிரிப்பு எழும்பியது. சரி, கதை முடிந்தது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வைத்தியர் விடவில்லை. வலப்பக்கம் இருந்த யன்னலைப் பார்க்கச் சொன்னா. அண்ணை வழக்கம்போல் முழு உடம்பையும் திருப்பினார். உடம்பை அல்ல, கழுத்தை மட்டும் என்றா. அண்ணை முயன்றார். யன்னலுக்கு வெளியே ஸ்னோ சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் அவருக்கு ஆசை, ஆனால் கழுத்து வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். தோல் வெடித்து, வெள்ளைக் கொலரில் ஒரு சொட்டு இரத்தம் ஊறியது.

கொலரைத் தொட்டு விரலைப் பார்த்தார்.

"நோகுது தம்பி" என்றார், என்னைப் பாராமலே. "சொல்லு அவவுக்கு. குளிருக்குள்ளை நிண்டால் உயிர் போகுது. இந்தப் பக்கம் சரிஞ்சு படுத்து எவ்வளவு காலம்."

நான் சொன்னேன். வைத்தியர் எழுதிக்கொண்டா.

முடிவு வர வசந்தம் வந்துவிட்டது. பாதிப்பு நிரந்தரம், குளிரில் வேலை செய்யக்கூடாது என்று சபை தீர்த்திருந்தது. இப்போது அண்ணை லேபல் ஒட்டும் மண்டபத்தில் நிற்கிறார். அந்தச் சூட்டில் சில வேளை நின்றபடியே கண் செருகுகிறார். போத்தலும் பவுடரும் அவரிடம் திரும்பிப் போய்விட்டன.

போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில், யூலியானாவுக்கு ஒரு படம் எடு என்றார். நான் வழக்கம்போல் கமெராவோடு அவருக்கு இடப்பக்கம் போனேன்.

"அங்காலை வேண்டாம். இஞ்சாலை வா" என்றார்.

வலப்பக்கம் வந்தேன். கமெராவைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். "கொஞ்சம் பொறு" என்றவர், பொக்கற்றிலிருந்து லேஞ்சித் துணியை எடுத்து, வலது காதுக்குக் கீழே தொடங்கி, பவுடரை மெல்ல மெல்லத் துடைத்தார்.