கடலிலிருந்து 781 காலடி

என் காலடி ஒன்றின் நீளம் அறுபத்தெட்டு சென்டிமீட்டர். முழங்கால் வலி இருக்கும் நாளில் அறுபத்தாறு. இது தெரிந்துதான் போன மாதம் மச்சான் சிதம்பரத்திலிருந்து போன் பண்ணினான்.

"மாமா, ஞாயித்துக்கிழம வந்துடுங்க. கிள்ளை பக்கம் ஒரு மனை பாத்திருக்கேன். மாடி கட்டி நின்னா கடல் தெரியும். அதுக்கடுத்த வெள்ளிக்கிழம ரிஜிஸ்ட்ரேஷன். நீங்க ஒருவாட்டி எண்ணிச் சொல்லிட்டா எனக்கு நிம்மதி."

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. ரிட்டயர் ஆகப் போகிறவன். ஆயுசுச் சேமிப்பு மொத்தத்தையும் அந்த மனையில் போடப் போகிறான். அதில் வீடு கட்ட முடியாது என்று ஆகிவிட்டால்? என் மனைவி என்னைச் சும்மா விடுவாளா? அதனால் நான் வெறும் வேடிக்கை பார்க்கப் போகவில்லை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்.

கடலோரத்தில் நினைத்த இடத்தில் செங்கல் வைக்க முடியாது. இந்தச் சட்டம் சுனாமிக்கு முன்பே இருந்தது. நமக்குத்தான் அதற்குப் பிறகு காதில் விழுந்தது. "ஐந்நூறு மீட்டரத் தாண்டிட்டா எந்த ஆபீஸரும் கேக்க மாட்டான் சார்" என்பது புரோக்கரின் வாக்கு.

கடலூரிலிருந்து பஸ் ஏறினேன். சிதம்பரம் வரை வேகத்தடை இருபத்து மூன்று. அங்கிருந்து மச்சானின் ஸ்கூட்டரில் கிள்ளை.

அலை தொடும் இடத்திலிருந்து எண்ண நான் என்ன விவரம் கெட்டவனா? புள்ளியியல் துறையில் முப்பத்து நாலு வருஷம் வயல் வயலாகக் கதிர் எண்ணியவன். கடல் ஏறும்போது தண்ணீர் எதுவரை வரும் என்று மீனவர்களிடம் கேட்டு, அங்கே குச்சி நட்டு, அதிலிருந்து ஆரம்பித்தேன். சவுக்குத் தோப்பு, மணல் மேடு, ஒரு நாய்... மனையின் முன்பக்கக் கல் வரை எழுநூற்று எண்பத்தொன்று!

"ஐந்நூத்தி முப்பத்தோரு மீட்டர் மச்சான். தாராளமா வாங்கு."

மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டான். புரோக்கர் எனக்கு இளநீர் வெட்டினார். அந்த நிமிஷம் இருக்கிறதே... எனக்குப் பென்ஷன் ஆர்டர் வந்தபோதுகூட அவ்வளவு பெருமை இல்லை.

சந்தோஷத்தில் மச்சான் மனையின் பின்பக்கம் போனான். அங்கே பச்சைப்பசேலென்று வரிசையாக மரங்கள். சமையலறை வரும் மூலையை அடையாளம் வைக்க ஒரு கிளையைப் படக்கென்று ஒடித்தான்.

"ஐயோ, அத ஏன் ஒடிச்சீங்க! பால் பட்டா கொப்பளிச்சிடும்!"

மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மாள். இடுப்புவரை ஈரம். கையில் ஓலைப்பை, அதற்குள் துள்ளும் இறால்.

"என்ன மரம்மா இது?"

"தில்லை மரம். நீங்க எந்த ஊரு?"

"சிதம்பரம்" என்றான் மச்சான், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே.

அவள் சிரித்த சிரிப்பை நான் எழுத மாட்டேன். தில்லையிலேயே பிறந்து வளர்ந்தவன் தில்லை மரத்தை அன்றுதான் பார்க்கிறான்.

எனக்கு வேறு கவலை. "இறால் எங்கம்மா புடிச்சீங்க? பின்னால வடிகால்னு சொன்னாரே புரோக்கர்?"

"வடிகாலா? உப்பாறு ஐயா. அதான் கரையில தில்லை நிக்குது. காலையில கழுத்து மட்டும் இருந்துச்சு. இப்ப வத்திப்போயி இடுப்பு. சாயங்காலம் மறுபடி ஏறும். கடல் ஏறுனா இதுவும் ஏறும்."

திரும்பிப் பார்த்தேன். புரோக்கர் இன்னொரு இளநீர் வெட்டப் போயிருந்தார்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மச்சான் அதைக் கவனிக்கவில்லை. கை அரிப்பில் இருந்தான். நானும் வாயைத் திறக்கவில்லை. ஐந்நூற்று முப்பத்தொன்று என்று அடித்துச் சொல்லிவிட்டு, பத்து நிமிஷத்தில் எப்படி மாற்றிச் சொல்வது? மூன்று ராத்திரி தூங்கவில்லை. ஃபேன் சுற்றுவதை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.

புதன்கிழமை தங்கச்சி போன் பண்ணினாள் — மச்சானின் மனைவி. "அண்ணே, அவருக்கு வலது கை பூரி மாதிரி வீங்கிடுச்சு. கையெழுத்துப் போட முடியாது. ரிஜிஸ்ட்ரேஷன அடுத்த வாரம் வெச்சிருக்கோம்."

எனக்கு வந்த நிம்மதியை வெளியே சொன்னால் உறவு அறுந்துவிடும். மறுநாளே மனையின் வரைபடத்தோடு கட்டட அனுமதி தரும் திட்ட அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்த அதிகாரி சின்ன வயசு. நான் சொன்ன எண்களையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கடலுக்கு அளந்தது சரி சார். ஆனா கடல் தண்ணி ஏறி எறங்குற ஆத்துக்கும் கணக்கு உண்டு. கரையிலேர்ந்து நூறு மீட்டர், இல்ல ஆத்தோட அகலம், எது கம்மியோ அதுக்குள்ள கட்டக் கூடாது. அகலம் எவ்ளோ?"

எழுபது மீட்டராவது இருக்கும். தண்ணீரில் நடந்து எண்ண முடியவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. மனையின் நீளம் பதினெட்டு மீட்டர். சமையலறை, ஹால், கடல் பார்க்கும் மாடி, எல்லாம் உள்ளே!

நேராகச் சிதம்பரம் போய் மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சேர்த்து. அவன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் அதைத் தடவிக் கொடுத்தான். பிறகு, "மரத்துக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலயே மாமா" என்றான். மனை கைவிட்டுப் போனது. சேமிப்பு தப்பியது.

யோசித்துப் பார்த்தேன். சுனாமி பார்த்த ஊர்க்காரர்கள் நாம். ஆபத்து என்றால் எல்லோரும் கிழக்கே பார்க்கிறோம். தண்ணீர் நாம் பார்க்கிற திசையிலிருந்துதான் வர வேண்டும் என்று அதற்கு யார் சொன்னது? சட்டம் எழுதியவர் மட்டும் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

என் மனைவி இவ்வளவு நீட்டவில்லை. சட்னியைத் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, முன்னாடி எழுநூத்தி எண்பத்தோரு அடி வெச்சீங்களே... பின்னாடி ஒரு பத்து அடி வெச்சிருந்தா கால் நனைஞ்சிருக்கும்ல?"

பத்து இல்லை. பன்னிரண்டு. நேற்று போய் எண்ணிவிட்டு வந்தேன்.