முள் வைத்த பக்கம்

அந்தப் பயிற்சி மையத்தில் ஆசிரியர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "பொருளாதாரம் வந்தாச்சா?", "வரலாறுக்குத் தொண்டை கட்டிக்கிச்சாம்" என்றுதான் பேச்சு. பாடம் எதுவும் எடுக்காத அவளுக்குக் கமாக்கா என்று பெயர். டைப் அடிப்பதும் பிழை பார்ப்பதும் அவள் வேலை. ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் பக்கத்தையே திருப்பி அனுப்பிவிடுவாள். அச்சகத்துக்காரர் அவளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அவள் படிப்பு பத்தாவதோடு சரி. அந்தக் கட்டடத்தில் முன்பு தட்டச்சுப் பள்ளி நடந்தது. அங்கே பத்தொன்பது வயதில் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தவள், பள்ளியை மூடிவிட்டுக் கட்டடத்தை விற்றபோது மேசை நாற்காலியோடு சேர்ந்து கைமாறினாள். வாங்கியவர்தான் டைரக்டர். ஆட்சிப் பணித் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் மையத்தை அங்கே தொடங்கினார். மாதம் ஒரு நடப்பு நிகழ்வுப் புத்தகம் போட்டார். அந்த மாதச் செய்தித்தாள்களை அலசி, தேர்வில் கேட்கக்கூடிய கருத்துகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்க விளக்கம். ஆசிரியர்கள் கிறுக்கிக் கொடுப்பதை அவள் அடித்துச் சீராக்குவாள். பதினோரு வருடத்தில் நூற்று முப்பது புத்தகம்.

அவ்வளவையும் அடித்த விரல் சும்மா இருக்குமா? பணவீக்கம் குறைந்தது என்றால் விலை இறங்கியது என்று அர்த்தமில்லை, ஏறுகிற வேகம்தான் குறைந்திருக்கிறது என்று காய்கறிக் கடையில் நின்று சொல்லுவாள். கடைக்காரர், "அப்ப எப்பதாங்க இறங்கும்?" என்பார். "அது எங்க புத்தகத்துல இல்லீங்க" என்று நகர்ந்துவிடுவாள்.

வீட்டில் அவளும் தம்பியும் மட்டும். அவனுக்குப் பதினான்கு வயதிருக்கும்போது பெற்றவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். தம்பியைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் போதும், பள்ளியில் அவன் வாங்கிய மதிப்பெண்ணைப் பாட வாரியாக ஒப்பிப்பாள். தம்பி ஆட்சிப் பணித் தேர்வை ஆறாவது முறையாக எழுதிக்கொண்டிருந்தான். வயது வரம்புப்படி அதுதான் கடைசி. முதல்நிலை தாண்டி, முதன்மை தாண்டி, அந்த வருடம் முதல்முறையாக நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருந்தது. அழைப்புக் கடிதத்தை அவள் நான்கு முறை படித்தாள். இரண்டாவது பத்தியில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது. அதைக்கூட மன்னித்துவிட்டாள்.

தம்பி அவளோடு அதிகம் பேசமாட்டான். ஒருநாள் சாப்பிடும்போது அவசரச் சட்டத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவன் தடுமாறித் தடுமாறிச் சொல்ல, அவள் எடுத்துக்கொடுத்தாள். தட்டைத் தள்ளிவிட்டு, "அக்கா, நீ அடிக்கிற ஆளு. புரிஞ்சுக்கிற ஆளு நான். அதையும் நீயே செஞ்சுட்டா எனக்கு என்ன வேலை?" என்றான். அடுத்த வீட்டுக்காரியிடம் அவள் அதையே, "என்னா தெளிவு பாருங்க பேச்சுல" என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மையத்தின் புத்தகம் வந்த பத்தாம் நாள், எதிர்த் தெரு மையம் அட்டையை மாற்றி அதையே தன் புத்தகமாகப் போட்டுவிடும். திருடியதை நிரூபிக்க டைரக்டர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஒவ்வொரு மாதமும் புத்தகத்தில் ஒரே ஒரு பொய்யை நுழைப்பது. இல்லாத ஒரு குழு, நடக்காத ஒரு மாநாடு, யாரும் தராத ஒரு பரிந்துரை. அதற்கு முள் என்று பெயர். மாதக் கடைசி சனிக்கிழமை, கதவைச் சாத்திக்கொண்டு பொருளாதாரம்தான் வகுப்பில் சொல்வார்: "நாப்பத்தோராம் பக்கம், மூணாவது செய்தி, அடிச்சிடுங்க." கட்டணம் கட்டிய பிள்ளைகள் அடித்துவிடுவார்கள். எதிர்த் தெருப் புத்தகத்தில் அந்தப் பொய் அப்படியே இருக்கும். டைரக்டர் அதை எடுத்துவைத்துக்கொண்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவார்.

முள்ளை அடிக்கிறவள் அவள். நம்பும்படி அடிப்பதில் அவளுக்கு நிகரில்லை. அறிக்கையின் பக்க எண்ணிக்கைகூடப் போடுவாள்.

ஒருமுறை ஒரு பெண் முன்மேசைக்கு வந்து நின்றாள். கையில் ஜெராக்ஸ் கட்டு. "மேடம், இந்த வரி தப்பாமே. நான் பரீட்சையில எழுதிட்டேன்."

அவள் பக்கத்தைப் பார்த்தாள். "இது எங்க புத்தகம் இல்லம்மா. ஜெராக்ஸ்."

"உங்க புத்தகத்தோட ஜெராக்ஸ்தான் மேடம்."

"அப்ப போட்டவங்ககிட்டதான் கேக்கணும். ஓசியில படிச்சா இப்படித்தான்."

அந்தப் பெண் கட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். அன்று மாலை தம்பியிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

வகுப்பில் உட்காரத் தம்பிக்கு அனுமதியில்லை. ஊழியர் வீட்டுக்குப் புத்தகம் இலவசம், வகுப்பு கிடையாது. அதனால் புத்தகம் வந்த அன்றே அவள் முள் இருக்கும் பக்கத்தைத் திறந்து, அளவுகோல் வைத்துச் சிவப்பு மையால் கோடு போட்டுக் கொடுப்பாள். மற்ற பக்கங்களைத் திருப்பிப் பார்க்கமாட்டாள். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று முறை படித்துக் கையெழுத்துப் போட்டிருப்பாள். கையெழுத்துப் போட்டதைத் திரும்பப் படிப்பது தன் கண்ணையே சந்தேகப்படுவது என்பது அவள் கட்சி.

நேர்முகத்துக்கு முந்தைய மாதப் புத்தகமும் அப்படித்தான் வீட்டுக்குப் போனது. அந்தக் கடைசி சனிக்கிழமை டைரக்டர் அவளை அச்சகத்துக்கு அனுப்பிவைத்திருந்தார், அடுத்த மாத அட்டை நிறம் சரியில்லை, நேரில் பார்த்துவிட்டு வா என்று. அட்டை நிறம் சரியாகத்தான் இருந்தது.

நேர்முகம் முடிந்து தம்பி வந்தபோது ஷூவைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்தான். அவள் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"தண்ணியைப் பத்திதான் கேட்டாங்க" என்றான்.

"நல்லாத்தானே படிச்ச?"

"நல்லாப் படிச்சேன். நிலத்தடி நீர்க் கட்டணக் குழு, மூணு அடுக்குக் கட்டணம், இருநூத்திப் பன்னெண்டு பக்க அறிக்கை. எல்லாம் சொன்னேன். ஓரத்துல ஒரு பெரியவர் இருந்தாரு. குழுவுக்கு யாருப்பா தலைவர்னாரு. ஓய்வுபெற்ற நீதிபதின்னேன். எந்த வருஷம் போட்டாங்கன்னாரு. அதையும் சொன்னேன். 'நான் அந்தத் துறையில முப்பது வருஷம் இருந்தேன் தம்பி. எனக்குத் தெரியாம ஒரு குழுவா?'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் விடலை. புத்தகத்துல இருக்கு சார்னேன். எந்தப் புத்தகம்னு கேட்டாரு. அதுக்கப்புறம் யாரும் எதுவும் கேக்கலை. போகலாம்னுட்டாங்க."

அவள் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். பதினெட்டாம் பக்கத்தில் அவள் போட்ட சிவப்புக் கோடு இருந்தது. ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் நிலத்தடி நீர்க் கட்டணக் குழு இருந்தது. அந்த ஏழு வரியை அவள் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. அதில் ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தது.

மறுநாள் காலையில் முதல் ஆளாக மையத்துக்குப் போனாள். கையெழுத்துப் போட்ட தாள்களை வருட வாரியாகக் கட்டி வைத்திருப்பாள். ஐம்பத்திரண்டை எடுத்தாள். அவள் கையெழுத்துக்கு மேலே, அந்த இடத்தில், ஏதோ துறைமுக விரிவாக்கம்.

பொருளாதாரம் உள்ளே வந்து குடையை மாட்டினார். "என்ன கமாக்கா, முகம் இப்படி இருக்கு?"

"அம்பத்திரண்டாம் பக்கம், சார்."

"ஆமா, அந்த மாசம் முள்ளு ரெண்டாச்சே. டைரக்டரே வகுப்புக்கு வந்து சொன்னாரே. உனக்குச் சொல்லலியா?" கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தவர்போல் குடையை மறுபடி எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

டைரக்டர் பத்தரைக்கு வந்தார். அவள் இரண்டு தாளையும் மேசையில் அருகருகே வைத்தாள். அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். வியப்பேதும் இல்லை.

"உட்காரு" என்றார். அவள் உட்காரவில்லை. "மூணு மாசமா எதிர்த் தெருப் புத்தகத்துல முள்ளு இல்ல. எடுத்துட்டுப் போடறாங்க. முள்ளு எதுன்னு யாரோ சொல்றாங்க. வகுப்புல உக்கார்ற பசங்களா, நீயா? ரெண்டு முள்ளு வெச்சேன். ஒண்ணு உனக்குத் தெரிஞ்சது. இன்னொண்ணு அச்சகத்துல நானே மாத்துனது, அது வகுப்புக்கு மட்டும் தெரியும். பத்தாம் நாள் அவங்க புத்தகம் வந்துச்சு. உன் முள்ளைக் காணோம். என் முள்ளு அப்படியே இருக்கு."

"நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலை சார்."

"நீ சொல்லமாட்ட. உன் வீட்டுக்குப் போன புத்தகம் சொல்லுச்சு. கோடு போட்டுல்ல குடுக்கிற, அளவுகோல் வெச்சு?"

"எதிர்த் தெருப் புத்தகம் என்னைக்கு சார் வந்துச்சு?" என்றாள்.

"மூணு வாரம் ஆச்சு."

"தம்பிக்கு நேர்முகம் நேத்துத்தான்."

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லியிருக்கலாம்" என்று அவர் கண்ணாடியைத் துடைத்தார். "என் புத்தகத்தை வித்துத் தின்னவன் எப்படிப் போறான்னு பாக்கலாம்னு இருந்தேன். நீ போய் வேலையைப் பாரு. இந்த மாசப் புத்தகம் தாமதமாகுது."

அவள் போய் வேலையைப் பார்த்தாள்.

சாயங்காலம் தம்பியிடம் கேட்டாள். அவன் மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

"குடுத்தேன். எதிர்த் தெருவுல மாதிரி நேர்முகம் பத்து தடவை வெச்சாங்க எனக்கு, காசில்லாம. கோட்டு டை எல்லாம் குடுத்து உக்கார வெச்சாங்க. உன் மையத்துல என்ன குடுத்தாங்க? வாசல்ல நிக்க விட்டாங்களா?"

"எங்கிட்டக் கேட்டிருந்தா..."

"கேட்டா என்ன பண்ணியிருப்ப? கமா போட்டுக் குடுத்திருப்ப. பதினோரு வருஷமா முள்ளு வெக்கிற. ஒரு முள்ளை உன்னால கண்டுபிடிக்க முடியலை. ஒரே ஒரு தடவை புத்தகத்தைப் புரட்டிப் பாத்திருந்தா நான் இன்னைக்கு..." அதற்கு மேல் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டான். தம்பி சொன்னதில் பிழை பார்த்தாள். இல்லை.

மூன்று வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. நான்கு மதிப்பெண்ணில் போயிற்று. அடுத்த வருடம் என்று ஒன்று அவனுக்கு இல்லை. இரண்டு நாள் அவன் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் முகம் மழித்துக்கொண்டு வெளியே போனான். எங்கே என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை டைரக்டர் அவளைக் கூப்பிட்டார். "ஒரு நியமனக் கடிதம். அடிச்சிக்க."

அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். நேர்முகத் தேர்வுப் பயிற்சியாளர் பதவி. தேர்வின் இறுதிக் கட்டம்வரை சென்ற அனுபவம். விளம்பரப் பலகையில் படம் இடம்பெறும். "பேரு எதுவும் சொல்லலையே சார், யாருக்கு?"

"உனக்குத் தெரிஞ்ச பேருதான். எதிர்த் தெருக்காரன் கூப்பிடறதுக்கு முன்னாடி நான் கூப்பிட்டுட்டேன். நேர்முகம் வரைக்கும் போனவன் படம் பலகையில இருந்தா இருபது பேர் கூடுதலாச் சேருவாங்க. எதுல சறுக்குனான்னு பலகையில போடப்போறதில்ல."

அவள் தம்பியின் பெயரை அடித்தாள். பெயருக்கு முன்னால் 'திரு' போட்டாள். தன்னை அறியாமல் முதுகு நிமிர்ந்தது. வாசலில் நின்றவன் உள்ளே வரப்போகிறான், கரும்பலகைக்கு முன்னால் நிற்கப்போகிறான், பிள்ளைகள் அவனை 'சார்' என்று கூப்பிடப்போகிறார்கள்.

"நிபந்தனைகள். ஒண்ணு, வேலை நேரம் காலை ஒன்பதுலேருந்து. ரெண்டு, வேற எந்த மையத்தோடயும் தொடர்பு கூடாது. மூணு." டைரக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பயிற்சியாளரின் குடும்பத்தைச் சேர்ந்த எவரும் இம்மையத்தில் பணியில் இருத்தல் கூடாது. இருப்பின், பயிற்சியாளர் சேரும் நாளோடு அப்பணி முடிவுறும்."

அவள் விரல்கள் நின்றன.

"அடிச்சிட்டியா?"

"அவனுக்கு இது தெரியுமா சார்?"

"மூணாவதைச் சேர்க்கணும்னு நான் சொன்னப்ப அவன் எதிர்லதான் உக்காந்திருந்தான். டீ குடிச்சிட்டு இருந்தான். சரின்னுட்டான். கீழேதான் நிக்கிறான், கூப்பிடட்டுமா?"

அவள் மூன்றாவது நிபந்தனையை அடித்து முடித்தாள். முழுக் கடிதத்தையும் ஒருமுறை படித்தாள், மறுபடி ஒருமுறை, மறுபடி ஒருமுறை. இரண்டு பிரதி எடுத்து விளிம்பு பார்த்து அடுக்கினாள்.

தம்பி மேலே வந்தான். புதுச்சட்டை. அவள் பக்கம் திரும்பாமல் டைரக்டருக்கு வணக்கம் சொன்னான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து கடிதத்தை வேகமாகப் படித்தான். மூன்றாவதில் கண் ஒரு கணம் நின்றது, நகர்ந்தது. கையெழுத்துப் போட்டுத் தாளை அவளிடம் தள்ளினான்.

அவள் அதை வாங்கிப் பார்த்தாள்.

"ரெண்டு காப்பி" என்றாள். "ரெண்டுலயும் போடணும். தேதியும் போடணும், சார்."