கயிற்றில் தொங்கிய புத்தகங்கள்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். திருவனந்தபுரத்தில், கரமனைக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தேன். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. ஒரு சரஸ்வதி பூஜை சமயத்தில் நான் செய்த முட்டாள்தனத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று எத்தனையோ முறை பேனாவை எடுத்து, எடுத்த வேகத்தில் கீழே வைத்திருக்கிறேன். வெட்கம்தான் காரணம். இப்போது வெட்கப்படுகிற வயதும் போய்விட்டது.

எங்கள் பள்ளியில் லைப்ரரி இருந்தது. அதில் மருந்துக்குக்கூட ஒரு தமிழ்ப் புத்தகம் கிடையாது. அக்ரஹாரத்துப் பெண்கள் வீட்டில் தமிழ் பேசினாலும், பள்ளியில் மற்ற பாடங்களை மலையாளத்தில் படித்ததால் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசித்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. சனி, ஞாயிறு வந்தால் ஒரு துணிப்பையோடு வீடு வீடாக ஏறி இறங்கினேன். சாலைக் கடைத்தெருவில் இருந்த ஜவுளிக்கடைக்காரர்களையும் விட்டுவைக்கவில்லை. கேட்டால் எல்லோரும் கொடுத்தார்கள். என்ன கொடுத்தார்கள் என்பதுதான் வேடிக்கை. போன வருஷத்துப் பஞ்சாங்கம், முன்னட்டையும் பின்னட்டையும் இல்லாத நாவல், ரயில் அட்டவணை. ஒரு மாமி எண்ணெய்க் கறை படிந்த சமையல் நோட்டை எடுத்து வந்து, "இதையாவது வாசிக்கட்டும்டி, போற இடத்துல பேர் வாங்குவா" என்றாள். எதையும் நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. இன்று பஞ்சாங்கத்தை மறுத்தால் நாளை நல்ல புத்தகம் வராது. எல்லாவற்றையும் பள்ளிக்குச் சுமந்து வந்து, பிறகு பதரைத் தூற்றினேன்.

வாங்குவது பாதி வேலைதான். எங்கள் ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும் பூச்சிக்கும் நடுவே ஒரு புத்தகத்தை உயிரோடு வைத்திருப்பது மீதிப் பாதி. பசையில் துளி மயில்துத்தம் கலந்தால் பூச்சி அண்டாது என்று ஒரு பைண்டர் சொல்லிக்கொடுத்தார். கிழிந்தவற்றை அப்படியே ஒட்டினேன். பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, அலமாரித் தட்டுகளில் வசம்பும் வேப்பிலையும் வைத்தேன். இரண்டு வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் புத்தகம் சேர்ந்துவிட்டது. பெண்கள் சண்டை போட்டு எடுத்துப் போனார்கள். யுத்தத்தில் காகிதத்துக்கே பஞ்சம். ஒன்று போனால் இன்னொன்று வராது என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு மலையாளத்து அம்மாள். நியாயமானவர், ஆனால் கறார். தமிழ்ப் புத்தகங்களுக்கென்று ஒரு சின்ன அறை கொடுத்தபோதே, "புஸ்தகம் ஒண்ணும் கேடு வராம நோக்கணும் டீச்சரே. வந்தா அந்த முறி தையல் கிளாஸுக்கு" என்று சொல்லிவிட்டார். முறி என்றால் அறை. தையல் டீச்சர் அந்த அறை மேல் ஒரு கண் வைத்திருந்தது ஊரறிந்த விஷயம்.

எங்கள் ஊரில் அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களைப் பூஜையில் வைத்தால், விஜயதசமி காலையில் பூஜை முடித்துத்தான் எடுக்க வேண்டும். நடுவில் யாரும் ஓர் எழுத்துப் படிக்கக் கூடாது. வைத்ததைத் தொடவும் கூடாது. மீறினால் படித்ததெல்லாம் மறந்துபோகும் என்பார்கள். சின்ன வயதில் அந்த நாட்களில் சாலைக் கடைத்தெருவில் நடக்கும்போது, கடைப் பலகைகளைப் படித்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டே போய் மாட்டு வண்டியில் முட்டிக்கொண்டவள் நான். படிக்காதே என்று சொன்ன நாளில்தான் கண்ணுக்கு எழுத்துப் பசி எடுக்கும்.

அந்த வருஷம் எனக்குப் பெருமை தலைக்கேறியிருந்தது. எப்போதும் நாலைந்து புத்தகங்களைத்தான் பூஜையில் வைப்பார்கள். நான் முந்நூறையும் வைத்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் எட்டிப் பார்த்து, "அஞ்செண்ணம் மதி டீச்சரே, எல்லாம் எதுக்கு?" என்றார். மதி, அதாவது போதும். எனக்குப் போதவில்லை. நான் சேர்த்ததை எல்லோரும் ஒருமிக்கப் பார்க்க வேண்டும். அலமாரியைக் காலி செய்து, அறை நடுவில் பலகை போட்டு, கொலுப் படி மாதிரி அடுக்கி, பட்டுத் துணி போர்த்தி, சந்தனமும் பூவும் வைத்தேன். கூரையை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று ராத்திரி நல்ல காற்று. மறுநாள் நவமி, காலையிலிருந்து கொட்டுகிற மழை. பள்ளிக்கு விடுமுறை. மனசு கேட்காமல் சாவியை எடுத்துக்கொண்டு, குடையோடு போனேன். கதவைத் திறந்ததும் என் உயிர் போய்விட்டது. ஒரு தென்னை மட்டை விழுந்து ஓடு உடைந்திருந்தது. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் சரியாக என் புத்தகப் படிகளின் உச்சியில் இறங்கிக்கொண்டிருந்தது. பட்டுத் துணி குளம் கட்டி நின்றது.

ஓடிப்போய் எடுத்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. வாசற்படியில் நின்று அழுதேன். நாளைக் காலை வரை தொடக் கூடாது என்பது எலும்பில் ஊறியிருந்தது. பி.ஏ. வரை படித்ததெல்லாம் அந்த வாசற்படியைத் தாண்ட உதவவில்லை.

"ஸாரே, அகத்து வெள்ளம் சொட்டுதே, எடுத்து மாத்தலையா?" என்று பின்னால் ஒரு குரல். எங்கள் பக்கம் பெண் வாத்தியாரையும் சார் என்றுதான் கூப்பிடுவார்கள்; தண்ணீருக்கு வெள்ளம் என்று பேர். திரும்பிப் பார்த்தேன். விழிஞ்ஞம் கடற்கரையிலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டு வருகிற பெண். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. மழைக்காக எங்கள் வராந்தாவில் ஒதுங்கியிருந்தாள். மீன் கூடை கூரைச் சரிவின் இறவாணத்துக்கு அடியில் இருந்தது.

அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படிக்கிறவங்க தொட்டாத்தானே தோஷம்? எனக்கு ஓரெழுத்து அறியாது ஸாரே. நான் தொட்டா அது படிச்சதாகுமா? தள்ளி நில்லுங்க" என்றாள்.

இதற்கு எந்த சாஸ்திரத்திலும் பதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஒரு நிமிஷம் தயங்கினேன். பூஜை அறைக்குள் மீன்காரியா என்று ஒரு நினைப்பு ஓடியது. அதை மறைத்தால் இந்த அனுபவத்தை எழுதுவதிலேயே அர்த்தமில்லை. நான் பதில் சொல்வதற்குள் அவள் கிணற்றடிக்குப் போய்க் கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பட்டுத் துணியை நாலு முனையும் சேர்த்துப் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் வெளியே கொண்டுபோய்க் கொட்டினாள். பிறகு பத்துப் பத்தாக மார்போடு அணைத்து, அடுத்த வகுப்பறைக்குச் சுமந்தாள். நாலு நடை, ஐந்து நடை. என்னை ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. அவள் மூச்சு வாங்குவது கேட்டபோதுதான் எனக்குச் சுரீர் என்றது. சரஸ்வதி சபித்தால் சபிக்கட்டும் என்று நானும் உள்ளே இறங்கினேன். அப்போதும் பாருங்கள், புத்தகத்தின் பேரைப் படித்துவிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தூக்கினேன். அவள் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் கேட்கிறது.

மேல் வரிசையில் அறுபது எழுபது புத்தகங்கள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. நான் அவசரத்தில் ஒன்றைப் பிரிக்கப் போக, பக்கம் கையோடு வந்துவிட்டது.

"ஈரத்துல பிரிக்காதீங்க. தோலோட சதையும் வரும். முதல்ல வெள்ளம் வடியட்டும்" என்றாள்.

"வெயிலே இல்லையே அக்கா, எப்படிக் காயும்?" என்றேன். அக்கா என்று எப்போது சொல்ல ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது.

"மழைக்காலத்துல நாங்க மீன் ஒணக்கலையா? குமிச்சு வெச்சாத்தான் அழுகும். ஒண்ணை ஒண்ணு தொடாம இருந்து, காத்து கேறி எறங்கினா மதி."

கிணற்றுக் கயிறு, துணி காயப்போடும் கொடி, கொடிமரத்துக் கயிறு என்று கிடைத்ததையெல்லாம் வகுப்பறையின் குறுக்கே ஜன்னலுக்கு ஜன்னல் கட்டினோம். மெல்லிய புத்தகங்கள் நடுவில் விரிந்து கயிற்றில் தொங்கின. தடித்தவற்றைப் பெஞ்சுகளின் மேல் விசிறி மாதிரி நிற்க வைத்தாள். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்றுக்கு வழி விட்டாள். மத்தியானம் தாண்டிவிட்டது.

மழை விட்டதும் அவள் கூடையைத் தூக்கப் போனாள். மூடியிருந்த இலையைத் திறந்து முகர்ந்தாள். முற்றத்துக்குப் போய், ஒரு தென்னைமரத்தின் அடியில் அத்தனையையும் கொட்டி, காலால் மண்ணைத் தள்ளினாள். அன்றைய முழு மீனும் கெட்டுப்போயிருந்தது. எனக்கு அது வரை கூடையின் நினைப்பே வரவில்லை.

"ஐயோ அக்கா!" என்றேன்.

"தெங்குக்கு நல்லதாக்கும்" என்று சொல்லிவிட்டு, காலிக் கூடையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். எட்டு ஒன்பது மைல் நடக்க வேண்டும்.

விஜயதசமி காலையில் ஹெட்மிஸ்ட்ரஸ் வந்தபோது, பூஜை அறை காலி. அடுத்த அறையில் சரஸ்வதி கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் கதையையும் சேர்த்து. அவர் கயிறுகளுக்கு அடியில் குனிந்து குனிந்து போய்ப் பார்த்தார். எனக்குத் தையல் மிஷின் சத்தமே கேட்டது. கடைசியில் ஒரு புத்தகத்தை எடுத்து நிதானமாகப் புரட்டிவிட்டு, "எழுத்தெல்லாம் இருக்கே. அப்போ புஸ்தகமும் இருக்கு. முதல்ல ஓடு மாத்தச் சொல்லுங்க" என்றார். ஒரு உலர்ந்த புத்தகத்தை வைத்துப் பூஜை நடந்தது. ஒன்பது புத்தகங்கள் மட்டுமே வீணாயின. அறை எங்களுக்கே நிலைத்தது.

அவர் போன பிறகு வாசலில் குரல் கேட்டது: "ஸாரே, ஒணங்கியோ?" அக்காதான். உள்ளே கூட்டிப் போனேன். ஒவ்வொரு புத்தகமாக மூக்கின் அருகே வைத்து, "இது ஆச்சு, இது நாளைக்கு" என்று பிரித்து வைத்தாள். அதில் ஒன்றில் திமிங்கிலத்தின் படம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவள், கொஞ்சம் கூச்சத்தோடு, "இதுல எந்தா எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

எனக்கு யாரோ அறைந்தது போல் இருந்தது. முந்தின நாள் பூராவும் அத்தனை புத்தகங்களை அவள் சுமந்திருக்கிறாள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்கும் ஆசை இருக்கும் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. உட்கார வைத்து அந்தப் பாடத்தைப் படித்துக் காட்டினேன். கூடையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். நடுவில் ஒரு மீனைப் பற்றிய வரி வந்ததும், "அது கள்ளம். எழுதினவர் கடல் கண்டிருக்க மாட்டார்" என்றாள். மாணவிகளுக்கு அந்தப் பக்கத்தை நடத்தும்போதெல்லாம் அவள் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன்.

விஷயம் ஊரில் பரவி, மீன் வாடை என்று இரண்டு வீடுகளில் அந்தப் புத்தகங்களை உள்ளே விடவில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்களைப் பள்ளியிலேயே உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். அதன் பிறகு சனிக்கிழமை மத்தியானங்களில் வராந்தாவில் உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். பால்காரியும் பாத்திரம் தேய்க்கிறவளும் வந்தார்கள். அக்கா நாலு முறை வந்தாள். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு வரவில்லை. விழிஞ்ஞம் வரை போய் விசாரித்தேன். பேர் தெரியாமல் ஒரு மீன்காரியை அங்கே எப்படித் தேடுவது? அத்தனை நாளும் அவள் பேரைக் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

முப்பது வருஷம் நான் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுத்தவை, ஓரெழுத்தும் அறியாத ஒருத்தி தன் பிழைப்பைத் தென்னைக்கு உரமாக்கிவிட்டு எனக்காகக் காப்பாற்றிய புத்தகங்கள். இந்த நன்றியை எழுதி முடித்த பிறகும் மனம் ஆறவில்லை. இதை அவள் எதிரில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டினால்தான் என் கடன் தீரும்.